உலக முடிவா, எல்ல மலையா, லிப்டன் சீட்டா? கையில் ஒரே நாள் இருந்தால்

பெப்ரவரியில் கொழும்பிலிருந்து சித்தி குடும்பம் வருகிறது. சித்தி, சித்தப்பா, மகன், மருமகள், கம்பஸில் படிக்கும் மகள், எட்டு வயதுப் பேத்தி. பண்டாரவளையில் எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்குவார்கள். அதில் ஒரு நாள் மலைக்கு. "ஒரே ஒரு எடம் போதும்பா. கண்ணு நெறைய பாக்கணும், கொஞ்சம் நடக்கணும், பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துறணும்" என்று சித்தி தொலைபேசியிலேயே கணக்கை முடித்துவிட்டார். அவருக்கு 62 வயது, வலது முழங்காலில் தேய்மானம். சித்தப்பா தினமும் காலிமுகத்திடலில் நடப்பவர். பிள்ளைகளுக்கு எந்த ஏற்றமும் பொருட்டில்லை.

வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள், மட்டக்களப்பிலிருந்து வருபவர்கள், லண்டனிலிருந்தும் டொரோண்டோவிலிருந்தும் பிள்ளைகளோடு வருபவர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு நாளுக்குள் போய்வரக்கூடிய, மிதமான நடை உள்ள, மலை விளிம்பில் நின்று தாழ்நிலத்தைப் பார்க்கக்கூடிய இடங்கள் என்றால் மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும்: ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவு, எல்ல மலை, ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட். மூன்றையும் பல தடவை நடந்தவன் என்ற முறையில் இம்முறை உட்கார்ந்து எழுதியே பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. மூன்று இடத்திலும் நாம் போய் நிற்பது ஒரே சுவரின் மேல்தான். மத்திய மலைநாடு தெற்கே வந்து திடீரென்று அறுந்து விழுகிறதே, அந்த விளிம்பு. காலடியில் மலை முடிகிறது. அப்பால் உடவளவை, வெல்லவாயப் பக்கத்துச் சமநிலம் கடல்வரை படுத்துக் கிடக்கிறது. ஆகவே "எங்கே காட்சி அழகு?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. மூன்றும் அழகுதான், தெரிந்தால்.

தெரிய வேண்டுமே. வெயில் ஏற ஏறக் கீழ்நாட்டு ஈரக்காற்று சூடாகி இந்தச் சுவரில் மேலே ஏறுகிறது, விளிம்பை எட்டும்போது குளிர்ந்து பனிமூட்டமாகிவிடுகிறது. காலை 7 மணிக்கு ஒவ்வொரு குளமும் தனித்தனியாகத் தெரிந்த பள்ளம், 10 மணிக்கு வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்டது போல் ஆகிவிடும். சில நாள் 9 மணிக்கே. எந்தப் பருவத்திலும் இது நடக்கும், எந்த இடத்துக்கும் நடக்கும்.

அதனால் நான் இப்போதெல்லாம் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறேன். பனி மூடிவிட்டால், போன நடை மட்டும் தனியாக நின்று பயன் தருமா? கூட வந்தவரில் ஒருவருக்கு நடுவழியில் முடியாமல் போனால், அவர் திரும்பி வர வழி இருக்கிறதா? காட்சியை இயற்கை தர வேண்டும். இந்த இரண்டும் நம் கையில் இருக்கிறது.

உலக முடிவு

பெயரும் புகழும் இதற்குத்தான். 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் தாங்கிய சமவெளி, 2,100 மீற்றருக்கு மேலே. 1988 முதல் தேசியப் பூங்கா; 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைகளோடும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை மூன்று கங்கைகளுக்கும் தலைநீர் இங்கிருந்துதான் போகிறது. அந்தப் புல்வெளியில் கால் வைத்தால் சப்பாத்துக்குக் கீழே தண்ணீர் கசிவதைக் கவனியுங்கள். நிலம் முழுக்க நனைந்த பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

நடை ஒரு வட்டம், ஏறக்குறைய 9 கிலோமீற்றர். ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தில் தொடங்கிச் சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி மறுபடி ஃபார் இன்னுக்கே வரும். மூன்று மணி நேரம், பிள்ளைகளோடு என்றால் நாலு. பெரும்பகுதி அலை அலையான புல்வெளி. நெஞ்சடைக்கும் ஏற்றம் நீர்வீழ்ச்சியை விட்டு ஏறும் துண்டில் மட்டுந்தான். ஆனால் உயரத்தை மறக்க வேண்டாம். சமதரையில் மூச்சு வாங்காதவர்களுக்கும் இங்கே மூச்சு வாங்கும்.

புறப்படும் இடத்தில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பொலித்தீன் உள்ளே போகக் கூடாது. பிஸ்கட் பைக்கற்றை வாங்கி உறையைக் கிழித்து, பிஸ்கட்டைக் காகிதத்தில் கொட்டி நம் கையில் தருவார்கள். அது நல்ல காரியம், முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் முதல் நாள் இரவே வாழையிலையை வாட்டி ரொட்டியையும் சம்பலையும் கட்டிவிடுவார்கள். அதைத் திறந்து பார்த்த உத்தியோகத்தர் ஒருவர் சிரித்துத் தலையாட்டி அனுப்பினார்.

விளிம்பில் கிட்டத்தட்ட 880 மீற்றர் பள்ளம். 2015இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார். நல்லகாலம், கீழே மரமொன்றில் தங்கி, இராணுவத்தினர் ஏற்றி உயிர் பிழைத்தார். அந்த இடத்தில் எட்டு வயதுப் பிள்ளையின் கையை ஒருவர் பிடித்தே நிற்க வேண்டும், அந்த ஒருவர் படம் எடுக்கிறவராக இருக்கக் கூடாது.

இனி நான் பட்டது. சில வருடங்களுக்கு முன் நீண்ட வார இறுதியொன்றில் அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பண்டாரவளையில் 6 மணிக்குத்தான் புறப்பட்டோம். வாயிலில் வாகன வரிசை. நடக்கத் தொடங்கும்போதே 9 மணி ஆகிவிட்டது. 10:30க்கு விளிம்பில் போய் நின்றால் எதிரே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. அம்மா சால்வையை இழுத்து மூடிக்கொண்டு கால் மணி நேரம் காத்து நின்றார். பிறகு திரும்பி, "வாங்க, போவோம்" என்றார். அங்கிருந்து வந்த வழியே திரும்பினாலும் நாலு கிலோமீற்றருக்கு மேல், சுற்றிப் போனாலும் அதேதான். பெரியம்மாவுக்குக் கால் பிடித்துக்கொண்டது. ஆட்டோ வராது, வேறு வாகனமும் வராது, நடந்தே தீர வேண்டும். அவர் ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து எழும்பி வந்து சேர்ந்தபோது 2 மணி தாண்டிவிட்டது. அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தந்தான். பிழை முழுக்க என்னுடையது.

ஆனாலும் என் முதல் கேள்விக்கு உலக முடிவு தேறிவிடுகிறது. பனி மூடினாலும் அந்தக் காட்டுக்குள் நடப்பது வீண் போகாது. குட்டையாக முறுகி நிற்கும் மரங்கள், கிளையெல்லாம் தாடி போலத் தொங்கும் பாசி, அதன் நுனியில் சொட்டு நீர். காலையில் வாகனத் தரிப்பிடத்தின் பக்கத்திலேயே மரை நின்று மேயும். கையில் எதையும் நீட்டாமல் பார்த்துவிட்டு நகருங்கள். இரண்டாம் கேள்வியில்தான் சறுக்குகிறது. உள்ளே போனால் முழுவதும் நடக்கக்கூடியவர்கள் மட்டும் போக வேண்டிய இடம் அது.

போவதென்றால் இப்படிப் போங்கள்: வாயில் 6 மணிக்குத் திறக்கும், அந்நேரம் வாசலில் நில்லுங்கள். பண்டாரவளையிலிருந்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டால் 4 மணிக்கு வான் புறப்பட வேண்டும். நீர்வீழ்ச்சியைக் கடைசிக்கு வைத்து நேராக விளிம்புக்கு நடங்கள். அருவிக்குப் பனியால் பாதகமில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் உறவினருக்கு இன்னொரு விஷயம். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. இலங்கை அடையாள அட்டை இருப்பவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள். வாசலில் நின்று சங்கடப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்ல மலை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். எல்ல புகையிரத நிலையத்திலிருந்து பண்டாரவளைத் திசையில் தண்டவாளத்தை ஒட்டி ஏறக்குறைய 2 கிலோமீற்றர், கித்தலெல்லப் பக்கம். பிறகு இடதுபுறம் இறங்கிச் சிறு பாலம், புல், கொஞ்சம் தேயிலை, கடைசியில் யூக்கலிப்டஸ் காட்டுக்குள் செங்குத்தான ஏற்றம். போய்வர நாலு மணி நேரம். உச்சி 1,350 மீற்றர் அளவு. அங்கே பாறை நுனியில் நின்றால் எல்ல இடைவெளி என்ற மலைப்பிளவு முழுவதும் விரியும். எதிரே சின்ன சிவனொளிபாதமலை, நடுவே வெல்லவாயவுக்கு இறங்கும் வீதி நாடா போல.

கால் வலுவுள்ள பிள்ளைகளுக்கு மூன்றிலும் இதுவே அதிகம் பிடிக்கும். கடைசி முக்கால் மணி நேரம் வியர்வை வழிய ஏறி, மரம் விலகி வெளிச்சம் வரும் அந்தக் கணம் அவர்களுக்கு வேண்டும். ஆனால் பனி விழுந்தால் கையில் மிஞ்சுவது குறைவு. யூக்கலிப்டஸ் காட்டில் கீழே புல் பூண்டுகூடச் சரியாக முளைக்காது, பறவைச் சத்தமும் குறைவு. மழை பெய்திருந்தால் அட்டைக்கடி வேறு. காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் ஓரளவு தப்பலாம்.

தண்டவாளம் எனக்குப் பிடிக்காத பகுதி. படம் எடுக்கிற மும்முரத்தில் எத்தனையோ பேர் நடுவில் நிற்கிறார்கள். வளைவுகள் நிறைந்த பாதை. புகையிரதம் வரும் சத்தம் மலைக்குள் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாது. எட்டு வயதுப் பிள்ளையை அந்த இரண்டு கிலோமீற்றர் கூட்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, பாதை பிரியும் இடங்களில் வழி கேட்டால் வேண்டுமென்றே சுற்றுவழி காட்டி, பிறகு "நான் கூட்டிப் போறேன், காசு குடுங்க" என்று வந்து நிற்பவர்கள் உண்டு. எங்களுக்கும் ஒரு தடவை நடந்தது. அரை மணி நேரம் மரக்கறித் தோட்டத்துக்குள் சுற்றினோம். தொலைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள்.

எல்லவில் தங்குபவர், கூடவே வயதானவர் இருக்கிறார் என்றால் சின்ன சிவனொளிபாதமலையே போதும். 1,141 மீற்றர், முக்கால் மணி நேரம், பெரும்பாலும் நல்ல பாதையும் படிகளும். கூட்டம் அதிகம், காலையில் போய்விடுங்கள். இறங்கியதும் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போக நேரம் மிஞ்சும். மலைநடை என்று அதை நான் எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

லிப்டன் சீட்

இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஹப்புத்தளை நகரத்திலிருந்து தம்பேதன்ன தோட்டத்துக்கு பஸ் போகிறது. தோட்டத்து ஆட்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறி இறங்கும் பஸ், வளைவுக்கு வளைவு ஒலியெழுப்பிக்கொண்டே போகும். கடைசித் தரிப்பு தேயிலை ஸ்டோர். வெளியூரார் தொழிற்சாலை என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது எப்போதும் ஸ்டோர்தான். கிளாஸ்கோவில் மளிகைக்கடையிலிருந்து தொடங்கிப் பெரும் வியாபாரியான தோமஸ் லிப்டன், 1890இல் இலங்கைக்கு வந்து இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். கோப்பி இலைகளில் துரு போன்ற நோய் விழுந்து கோப்பித் தோட்டங்கள் படுத்துப்போன காலம். நிலம் மலிந்து கிடந்தது. அதே 1890இல்தான் இந்த ஸ்டோர் எழும்பியது. பக்கத்தில் போகும்போதே வாட்டத்துக்குப் போட்ட கொழுந்தின் பச்சை வாசம் மூக்கில் ஏறும்.

ஸ்டோரிலிருந்து மேலே 7 கிலோமீற்றர். தார் போட்ட ஒடுங்கிய வீதி, மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறும். நடுவில் குறுக்குப் படிகள் உண்டு. தோட்டத்து ஆட்கள் அதில்தான் ஏறுவார்கள். நடந்து ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரம். உச்சி 1,970 மீற்றர் அளவு. அங்கே லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் என்று அவருடைய சிலையொன்றை இருக்கையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் சிறு கடை. ரொட்டி, கட்டச்சம்பல், பிளேன்டீ. அந்தக் குளிரில் அந்தச் சம்பலின் உறைப்புக்கு ஈடு வேறில்லை.

தெளிவான காலையில் ஊவா, சப்ரகமுவ, மத்திய, தென், கிழக்கு என்று ஐந்து மாகாணங்கள் தெரியும் என்பார்கள். மாகாண எல்லையை என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஆனால் உடவளவை நீர்த்தேக்கம் வெள்ளித்தட்டு போல மின்னுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இந்த நடையை நான் முதலில் வைப்பது உச்சிக்காக மட்டும் இல்லை. ஏழு கிலோமீற்றரும் ஆள் வாழும் நிலம். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயங்கள், அவற்றின் முன்னால் காயும் துணி, பீலித் தண்ணீரில் குடம் வைத்து நிற்கும் பிள்ளைகள், கோயில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா, பள்ளிக்கூடம். கொழுந்து மலைக்குள் பெண்கள் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். கொழுந்துப் பையின் கயிறு நெற்றியில் பதிந்திருக்கும். ஒரு நிமிடம் நின்று அவர்கள் கையை மட்டும் பாருங்கள். செடிக்கு மேலே மட்டக்கம்பைப் போட்டு அளவு பார்த்து, அதற்கு மேல் நிற்கும் இரண்டு இலையும் மொட்டும் மட்டும் விரலுக்குள் போகும். கண் வேறெங்கோ இருக்கும், விரல் தப்பாது. பிறகு மடுவம் என்ற கொட்டகையில் நிறுவை. சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி, கிடைக்காது, அரைப்பேர்தான். நாம் குடிக்கும் தேநீருக்குள் அந்தக் கணக்கும் கரைந்திருக்கிறது.

வெளிநாட்டவர் அந்த வீதியில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். தமிழ் பேசத் தெரிந்த நமக்கு வேறு வாய்ப்பு இருக்கிறது. "அக்கா, இன்னைக்கு கொழுந்து எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். போன தடவை ஒரு அம்மா பை நிறைந்த கொழுந்தோடு எங்களிடம் நின்று, "நீங்க எந்த ஊரு? யாரு வீட்டுப் புள்ளைங்க?" என்று எங்கள் தாத்தா காலத்துத் தோட்டம் வரை விசாரித்துவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து மன்னாரில் வந்து இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே அவர்களும் நாங்களும். 2023இல், அவர்கள் வந்து இருநூறு வருடம் ஆனதைக் குறித்த மலையகம் 200 நினைவாக அதே வழியைப் பலர் நடந்தார்கள். என் சித்தி கொழும்பில் பிள்ளை வளர்த்தவர், ஆனால் பிறந்தது லயத்தில். அவருடைய பேத்தி இந்த ஏழு கிலோமீற்றரில் ஒன்றையாவது தன் காலால் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சில விஷயம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். லயத்துக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், அது வீடு. பிள்ளைகளுக்கு இனிப்பும் காசும் எறியும் பழக்கமும் வேண்டாம். கடையில் சாப்பிடுங்கள், ஆட்டோவுக்கு நியாயமான கூலி கொடுங்கள், அது போய்ச் சேரும்.

சீட்டில் நின்று தெற்கே பார்க்கும்போது இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். அந்தச் சரிவில்தான், கொஸ்லந்தைப் பக்கம், மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலை பல இடங்களில் இறங்கியது. வீதிகளும் மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் உடைந்தன. ஆகவே மூன்றில் எங்கே போனாலும், புறப்படும் முதல் நாள் அந்தப் பாதை திறந்திருக்கிறதா என்று அங்குள்ள ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்திருந்தால், மண்சரிவு எச்சரிக்கை இருந்தால், போக வேண்டாம். வேறு நாள் வரும்.

மாதக் கணக்கு

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மூன்று இடத்துக்கும் நல்லது. ஜூனுக்குப் பிறகு கணக்கு மாறும். தென்மேல் பருவக்காற்று ஹோர்ட்டன் சமவெளியை மழையாலும் காற்றாலும் அடிக்கும், ஹப்புத்தளைக் கணவாயில் குடை நிற்காது. அதே நாளில் எல்ல காய்ந்து வெயிலாக இருக்கும். பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள புகையிரதச் சுரங்கத்தில் இந்தப் பக்கம் மழையோடு நுழைந்து அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வந்தவர்களுக்கு இது தெரியும். ஜூலை, ஆகஸ்டில் விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை நான் எல்லவுக்கு அனுப்புவது அதனால்தான். ஒக்டோபர், நவம்பரில் மூன்றுமே வேண்டாம்.

கிழமையும் பார்க்க வேண்டும். வார இறுதியிலும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் ஹோர்ட்டன் வாசலில் வரிசை. லிப்டன் சீட்டுக்கு ஞாயிறு ஏற்றதில்லை. கொழுந்து மலையில் ஆள் இருக்காது, ஸ்டோரும் ஓய்ந்திருக்கும்.

யாருக்கு எது

நுவரெலியாவில் தங்கி, வானும் இருந்து, எல்லோரும் 9 கிலோமீற்றர் நடப்பார்கள் என்றால் உலக முடிவு. தயங்கவே வேண்டாம், 4 மணிக்கு எழும்புங்கள். முதுகில் பையோடு புகையிரதத்தில் வரும் இருபது வயதுக்காரர்களுக்கு எல்ல மலை. குடும்பமாக, வயதும் காலும் கலந்து வருகிறவர்களுக்கு லிப்டன் சீட். என் இரண்டு கேள்விக்கும் முழுப் பதில் சொல்வது அது ஒன்றுதான். பனி வந்தாலும் வழி நெடுகப் பார்க்கவும் பேசவும் இருக்கிறது. யாருக்காவது கால் வலித்தால் கை காட்டினால் ஆட்டோ வரும்.

அதிலும் ஒரு மாற்றத்தைக் கற்றுக்கொண்டேன். வழக்கமாக எல்லோரும் ஸ்டோரில் இறங்கி ஏறுவார்கள். உச்சிக்குப் போய்ச் சேரும்போது பனியும் சேர்ந்து வந்துவிடும். நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். இருட்டோடு ஆட்டோவில் உச்சிக்கு ஏறி, சூரியன் எழுவதைப் பார்த்து, ரொட்டி சாப்பிட்டு, 8 மணிக்குப் பிறகு நடந்து இறங்குவது. அப்போது மலைக்குள் வேலையும் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு பனி வந்தால் வரட்டும்.

சித்தியின் முழங்காலுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல். தேய்ந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கந்தான் பகை. ஏழு கிலோமீற்றர் இறங்கினால் மறுநாள் எழும்ப மாட்டார். ஆகவே அவர் உச்சிக்குக் கீழே முதல் வளைவுகளை, ஒரு கிலோமீற்றர் போல, பேத்தியோடு கைகோத்து நடப்பார். அங்கே ஆட்டோ காத்திருக்கும், இருவரையும் ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போகும். நாங்கள் நடந்து வந்து சேரும்வரை அவர்கள் ஸ்டோரைச் சுற்றிப் பார்க்கலாம். பேத்தி கீழே போக மாட்டேன், நடப்பேன் என்று அடம் பிடித்தால் எனக்குச் சந்தோஷந்தான்.

ஹப்புத்தளையில் ஆட்டோ வைத்திருக்கும் தெரிந்த அண்ணனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, காலை 5:15, பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால், மூன்று ஆட்டோ. "பனி இருந்தா?" என்று கேட்டார். இருந்தாலும் வருவோம் என்றேன். இன்று இரவு சித்தியிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: தடித்த சால்வை ஒன்று, பேத்திக்குக் காதை மூடும் தொப்பி, வழுக்காத சப்பாத்து. சாப்பாடு ஒன்றும் கட்ட வேண்டாம், ரொட்டி மேலே இருக்கிறது.